பலவீனமும் பலமும்: சிங்கப்பூர்க் கிறிஸ்தவ அனுபவத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப்பொருள்

மனிதன் தளர்ந்து விழும் இடத்தில் இறையருள் அவனைத் தாங்குகிறது என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்று. சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளிலும் இது அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. கேட்க வருபவர்களில் தங்குவிடுதியிலிருந்து பேருந்து பிடித்து வரும் வெளிநாட்டு ஊழியர்களும் உண்டு. உடல் உழைப்பே அவர்களுடைய முதல். கை ஒடிந்தால் வேலை போகும்; வேலை போனால் ஏஜென்டுக்குக் கட்ட ஊரில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும். அவர்களிடம் போய்ப் பலவீனத்திலும் பலம் உண்டு என்று சொல்வதற்கு என்ன பொருள்? அப்படிச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் போதனை குறிக்கும் பலம், ஒருவர் தளரும்போது இன்னொருவர் தோள் கொடுக்கும் உறவுக்குள் பிறப்பது. அந்த உறவைக் கழித்துவிட்டுப் போதித்தால், போதனையே துன்பப்படுபவர் தலையில் இன்னொரு சுமையாக ஏறும்.

2. பவுலின் கடிதம்

பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் ஏறத்தாழ கி.பி. 55-56ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பேச்சுவன்மையும் பெருமிதமும் கொண்ட போதகர்கள் சிலர் அங்கே செல்வாக்குப் பெற்றிருந்த நேரம் அது. அவர்களுக்கு எதிரில் பவுல் தன் தகுதியாக எடுத்து வைப்பவை வாங்கிய அடிகள், கப்பற்சேதங்கள், பசி, உறக்கமற்ற இரவுகள். பிறகு 12ஆம் அதிகாரத்தில் தன் உடலில் தைத்த முள்ளைப் பற்றிச் சொல்கிறார். அது நோயா, பகையா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அது நீங்க வேண்டும் என்று மூன்று முறை மன்றாடியும் நீங்கவில்லை. தன் அருள் அவருக்குப் போதும் என்பதே கடவுளிடமிருந்து கிடைத்த பதில்.

இதே கடிதத்தின் 8, 9 அதிகாரங்கள் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டுவதைப் பற்றியவை. நம் சபைகளில் 12ஆம் அதிகாரத்தை நோயாளியின் கட்டிலருகே வாசிக்கிறோம்; 8, 9 அதிகாரங்களைக் காணிக்கை எடுக்கும் நேரத்தில் வாசிக்கிறோம். இரண்டும் ஒரே மனிதர் ஒரே மக்களுக்கு எழுதியவை என்பது மறந்துபோகிறது. முள்ளோடு வாழக் கற்ற பவுல், பிறருடைய பசியை அவர்களுடைய முள் என்று சொல்லி விட்டுவிடவில்லை.

3. ஓஃபிர் ரோடு: குணமாகாத புனிதை

முள் நீங்காத இன்னொருவரையும் இங்கே நினைக்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓஃபிர் ரோட்டில் இருக்கிறது லூர்து அன்னை ஆலயம். 1886இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்ட இது, சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த முதல் கோயில். 2005 முதல் தேசிய நினைவுச் சின்னம்.

ஆலயத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் பெர்னதெத் சுபிரூ. 1858இல் பிரான்சின் லூர்து ஊரில் மரியன்னையின் காட்சியைக் கண்டதாகச் சொன்ன ஏழைச் சிறுமி. அங்கே தோன்றிய ஊற்றைத் தேடி நோயாளிகள் உலகெங்கிலுமிருந்து போகிறார்கள். பெர்னதெத்தோ சிறுவயதில் காலராவில் அடிபட்டவர். வாழ்நாளெல்லாம் ஆஸ்துமாவோடு போராடி, எலும்பைத் தின்ற காசநோயால் 1879இல், 35 வயதில் இறந்தார். ஊற்று அவரைக் குணமாக்கவில்லை. 1933இல் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியபோது திருச்சபை அதை ஒரு குறையாகக் கருதவில்லை.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செபக்கூட்டங்களின் சாட்சி நேரத்தில் நாம் கேட்பவை பெரும்பாலும் சுகம் பெற்ற கதைகள். கட்டி கரைந்தது, ஸ்கேன் மாறியது, டாக்டரே வியந்தார். சுகம் பெறாதவர் எழுந்து பேச ஏது இடம்? சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்களுக்குக் குறைவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. வேதம் கொடுத்த இடத்தை நாம் பறித்துக்கொள்வது சரியன்று.

4. சிறைக்கூடத்தில்: 1943

பலவீனத்தைப் பற்றிப் பேசும் உரிமை யாருடையது என்ற கேள்விக்குச் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கிறது.

ஜப்பானிய ஆட்சியில் ஆங்கிலிக்கன் ஆயர் லியோனார்ட் வில்சன் ஓராண்டுக்கு மேல் வெளியே பணியாற்ற அனுமதிக்கப்பட்டு, 1943 மார்ச்சில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். வெளியே சபையைத் தாங்கி நின்ற ஆசியர்களுள் தமிழரான டி. டி. செல்லையாவும் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பரில் நேசநாட்டுக் கமாண்டோக்கள் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தனர். சாங்கிக் கைதிகள் துப்புக் கொடுத்ததாகச் சந்தேகித்த ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் அக்டோபர் 10 அன்று வேட்டையைத் தொடங்கியது. 57 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 15 பேர் உயிரிழந்தார்கள்.

ஆயர் அக்டோபர் 17 அன்று இழுத்துச் செல்லப்பட்டார். அன்றைய ஒய்எம்சிஏ கட்டடம்தான் வதைக்கூடம். இன்று அதே இடத்தில் புதிய ஒய்எம்சிஏ நிற்கிறது. கடவுளை இன்னும் நம்புகிறாயா, நம்பினால் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று அடித்தவர்கள் கேட்டார்கள். காப்பாற்றுகிறார்தான், வலியிலிருந்து விடுவித்து அல்ல, தாங்கும் மனத்தைத் தந்து காப்பாற்றுகிறார் என்ற கருத்தில் ஆயர் பதில் சொன்னார். 1946இல் பிபிசி வானொலியில் இதை அவரே நினைவுகூர்ந்தார். அடித்தவர்களை நேசிக்கத் தன்னால் இயலவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் ஒருகாலத்தில் சிறு பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே வெறுப்புத் தளர்ந்தது. அறையின் சிறு சன்னல் வழியே மாங்குயிலின் குரலும் செந்நிறப் பூமரத்தின் நிறமும் அவருக்கு எட்டின.

ஆயரின் அந்தப் பதிலை அடிபட்ட உடம்பு சொன்னது. அதனால்தான் அதற்கு மதிப்பு. அதே வாக்கியத்தை அடித்தவன் சொல்லியிருந்தால் ஏளனம். வெளியே பத்திரமாக இருந்தவர் சொல்லியிருந்தால் வெறும் பேச்சு. துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை துன்பப்படுபவருக்கு மட்டுமே உண்டு. மற்றவர்களுக்கு இருப்பது கடமை.

அந்தக் கடமையைச் செய்தவர் எலிசபெத் சோய். கணவரோடு மருத்துவமனை கேன்டீன் நடத்திவந்த அவர், கைதிகளுக்கு உணவும் மருந்தும் பணமும் இரகசியமாக அனுப்பினார். அதற்காக ஏறத்தாழ 200 நாள் கெம்பெய்த்தாயின் பிடியில் வதைபட்டார். வில்சனுக்கு விசுவாசம் எவ்வளவு தேவைப்பட்டதோ, சாங்கிக் கைதிகளுக்கு அந்தப் பொட்டலங்களும் அவ்வளவு தேவைப்பட்டன.

போருக்குப் பின் வில்சன், தன்னை வதைத்தவர்களுள் ஒருவருக்குத் திடப்படுத்தல் அளித்தார். ஆனால் 1946இல் போர்க்குற்ற விசாரணையும் நடந்தது. 21 பேர் மீது வழக்கு, 8 பேருக்கு மரண தண்டனை. மரண தண்டனையைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். மன்னிப்பு வழக்குமன்றத்தை மூடிவிடுவதில்லை என்பதில் வேறுபாடு இருக்க வேண்டியதில்லை.

5. லிட்டில் இந்தியாவில் இன்று

வேலை சைட்டில் விழுந்து முதுகு பிசகிய ஊழியர் முதலில் கேட்பது, நான் என்ன பாவம் செய்தேன் என்பதுதான். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதுதான். அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு மறுத்ததை யோவான் எழுதியிருக்கிறார்.

அடுத்த கேள்வி எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. அதிக நாள் எம்சி எடுத்தால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை மறைப்பவர்கள் உண்டு. சட்டப்படி வேலையிடக் காயத்துக்கு மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் இழப்பீடும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸ் என்னும் தற்காலிக அனுமதியில் காத்திருப்பவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. அத்தகையவர்களுக்காக மதச்சார்பற்ற அமைப்பான டிடபிள்யூசி2 2008 முதல் கஃப் ரோடு திட்டத்தில் இலவச உணவு கொடுத்துவருகிறது. கிறிஸ்தவர்களின் முயற்சியில் 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் ஊழியர்களுக்கு மருத்துவம் பார்க்கிறது. 2020இல் கொவிட் தங்குவிடுதிகளில் புகுந்தது; விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அரசு கணக்குச் சொன்னது. அந்த மாதங்களில் தமிழ்ப் போதகர் சாமுவேல் கிஃப்ட் ஸ்டீபனின் கூட்டமைப்பு விடுதிகளுக்கு உதவிகளைக் கொண்டு சேர்த்தது.

வேதத்தில் வரும் யோபுவின் நண்பர்கள் அவருடைய துன்பத்தில் ஏழு நாள் வாய் திறக்காமல் உடன் உட்கார்ந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டார்கள். காயம்பட்டவர் ஆராதனைக்கு வந்தால், அவருக்கான பிரசங்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சபை சிலவற்றைக் கேட்க வேண்டும். எத்தனை நாள் எம்சி? விடுப்புச் சம்பளம் வந்ததா? விபத்தைக் கம்பெனி பதிவு செய்ததா? மனிதவள அமைச்சுக்குப் போகும்போது கூட வர, ஆங்கிலத்தில் பேச, ஆள் இருக்கிறதா? ஊரில் வீட்டுக்கு இந்த மாதம் பணம் போயிற்றா? பிறகு, அவர் விரும்பினால், சேர்ந்து செபிக்கலாம். தன் முள்ளைப் பற்றி அவர் என்றாவது பேச எழுந்தால், சுகமாகாத கதையாக இருந்தாலும் மைக்கை அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.