சோரம்போதல்
திருடனைக் குறிக்கும் ‘சோர’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது சோரம். தமிழில் களவு, பின் கள்ள உறவு. இஸ்ரவேலர் பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தை நாடியதைப் பழைய தமிழ் வேதாகமம் சோரம்போதல் என்கிறது. கடவுளுடனான உடன்படிக்கையை தீர்க்கதரிசிகளான ஓசியாவும் எரேமியாவும் மணவாழ்வாகவே கண்டனர்.

விளைவுகளை எரேமியா 3ஆம் அதிகாரம் சொல்கிறது: மழை நிற்கிறது, இஸ்ரவேலின் வடநாட்டுக்குத் தள்ளுதற்சீட்டு, அதாவது மணவிலக்குச் சீட்டு, கிடைக்கிறது. கி.மு. 722 அளவில் வடநாட்டின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. 586 அளவில் எருசலேம் பாபிலோனியரிடம். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு இலங்கை மலையகத் தோட்டங்களில் இந்த வேதாகமத் தமிழைப் பரப்பியது. துண்டுமுறை 1921இல் சட்டப்படி ஒழியும்வரை, கடன் கணக்கெழுதிய துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாதிருந்த தோட்டத் தொழிலாளர்களுக்குத் தள்ளுதற்சீட்டின் கனத்தை விளக்க வேண்டியிருந்திராது. எரேமியாவின் அதே அதிகாரம் திரும்பி வரவும் அழைக்கிறது.