லயத்துக்குப் புகைபோக்கி இல்லை

நுவரெலியாத் தபாலகத்தின் செங்கல் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் படம் எடுக்காமல் திரும்பும் சுற்றுலாப் பயணி அபூர்வம். 1894இல் எழுந்த அந்த இரண்டு மாடிக் கட்டடத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நியாயமான எதிர்ப்புத்தான். ஆனால், மரபுரிமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிராண்ட் ஹோட்டலின் வெள்ளைச் சுவரில் ஓடும் கறுப்புச் சட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். 'டியூடர்' பாணி என்பார்கள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்த ஓக் மரச்சட்டங்களே வீட்டின் எலும்புக்கூடு. இடைவெளியைக் குச்சிகளும் களிமண்ணும் கொண்டு அடைத்தார்கள். நுவரெலியாவில் பாரத்தைத் தாங்குவது சுவர். சட்டம் பெரும்பாலும் அலங்காரமே. ஊர் நினைவில் வாடிய துரைமார் கட்டிடத்துக்குப் போட்ட வேஷம் என்பேன். புகைபோக்கி மட்டும் வேஷமல்ல. 1,800 மீற்றருக்கு மேலே, தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும் ஊரில் கணப்பு அவசியந்தான்.

அதே குளிரில்தான் லயமும் நிற்கிறது. 10க்கு 12 அடிக் காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, தகரக் கூரை. இரட்டை லயமென்றால் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். பின்சுவரில் ஜன்னலுக்கு இடமே கிடையாது. புகைபோக்கி இல்லாத காம்பிராவில் விறகடுப்பின் புகை கதவு வழியே போகவேண்டும். போகாதது சுவரிலும் நெஞ்சிலும் படிந்தது. கோப்பிக் காலத்தில், பழம் பறிக்க வந்து திரும்பிப் போகிறவர்களுக்கென எழுந்த வடிவம் இது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்து, தேயிலை வந்து, வருடம் முழுவதும் வேலை என்றாகிக் குடும்பங்கள் நிலைத்த பின்னும் காம்பிராவின் அளவு மாறவில்லை.

தேயிலை ஸ்டோரை யோசித்தே கட்டினார்கள். மேல்மாடிகளில் கொழுந்து வாடக் காற்று வேண்டும். ஆகவே வரிசை வரிசையாக ஜன்னல்கள். கொழுந்துக்குக் கிடைத்த காற்று அதைப் பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது.

பழைய கட்டடம் ஒன்றை வரையச் சொன்னால் என் மாணவர் தபாலகத்தையே வரைகின்றனர். அவர்களிற் பலர் லயத்துப் பிள்ளைகள். இப்போது தனிவீடுகள் எழுகின்றன. லயம் இடிபடுவதில் எனக்குக் கவலையில்லை, இடியட்டும். அதற்கு முன் நீள அகலத்தை, அடுப்பு இருந்த இடத்தை, ஒரு காம்பிராவில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள ஓர் அளவுநாடாவும் கொப்பியும் போதும். எட்டாம் வகுப்பார் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை மூன்று லயங்கள் அளந்தாயிற்று.