அங்கியும் வெற்றுடலும்: றியோ நகரின் இரு மற்கலைகள்

மற்போரில் இரு தோள்களும் நிலத்திற் பட்டவன் தோற்றவன். பிறேசில் நாட்டு ஜியு-ஜிட்சு இவ்விதியைத் தலைகீழாக்கியது. மல்லாந்து கிடப்பவன் தன்னிரு கால்களாலும் எதிரியின் இடுப்பை வளைத்துக்கொண்டு, அவன் கையைப் பூட்டவோ கழுத்தை நெரிக்கவோ இயலும். ஆதலாற் கீழே கிடத்தல் தோல்வியன்று என்பதே அக்கலையின் அடிப்படை. தடித்த பருத்தி அங்கியின் கழுத்துப்பட்டியும் கைப்புறமும் அங்கே பிடிகளாகின்றன. வெற்றுடலோடு பொருதும் மல்லனுக்கோ வியர்வையில் வழுக்கும் உடலே பிடி. அவன் தலையையும் இடுப்பையும் காலையும் நாடுகிறான்.

இவ்வளவையும் எந்த உடற்பயிற்சி நூலும் விளக்கிவிடும். ஆனால் றியோ டி ஜனேறோ நகரில் இவ்விரு கலைகளும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பகைத்து நின்றமைக்குக் காரணத்தைப் பிடிகளில் மட்டுந் தேடினால் நாம் ஏமாந்து போவோம்.

யப்பானில் 1882இல் ஜிகோரோ கானோ நிறுவிய கோடோகன் பள்ளியின் மாணாக்கர் மிற்சுயோ மயேடா. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மல்லரோடு பொருதித் திரிந்த அவர், 1914இற் பிறேசிலுக்கு வந்து, பின்னர் பெலேம் நகரிற் குடியேறினார். அங்கே அவரிடம் பயின்றவர் வணிகர் மகனான காலோஸ் கிறேசி. அவரும் தம்பியரும் றியோவில் நடத்திய பள்ளிக்குத் தொழிலதிபரும் அரசியல்வாதிகளும் வந்தனர். மெலிந்த உடலினரான ஹேலியோ கிறேசி நெம்புவிசையினாற் புதுக் கலையொன்றைப் படைத்தார் என்று குடும்பத்தார் கூறுவர். கானோவின் பள்ளியிலே தரைப்பிடிகள் முன்னரே வளர்ந்திருந்தமையை நோக்க, இக்கூற்றிற் பாதி விளம்பரமே எனலாம்.

எதிரே நின்றது ‘லூத்தா லிவ்றி’, அதாவது கட்டற்ற மற்போர். இங்கிலாந்தின் லங்காஷயர்ச் சுரங்கத் தொழிலாளரிடை வளர்ந்த மற்போர் முறையே அதன் வேர். அதனை றியோவில் வளர்த்த யூக்ளிடெஸ் ஹாத்தெம், 1942இல் ஜோர்ஜ் கிறேசியை வென்றார். இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் நடந்ததொன்று இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 1932இல் மற்போர் ஆசிரியர் மனோயல் றூஃபினோவைக் கிறேசி சகோதரர் மூவர் திஜுக்கா டெனிஸ் கழகத்தின் வாயிலில் தாக்கினர். நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. ஜனாதிபதி வர்காஸ் மன்னிப்பு வழங்கினார். கூலியாள் ஒருவன் அவ்வாறு அடித்திருப்பின் ஜனாதிபதியின் பேனா அசைந்திருக்குமா?

அங்கி வாங்க இயலாத ஏழையின் கலை மற்போர், இயன்றவனின் கலை ஜியு-ஜிட்சு என்று சிலர் எளிதாக முடித்துவிடுவர். இம்முடிவு நமக்கு உவப்பானதே; எனினும் முழு உண்மையன்று. மயேடாவின் மற்றொரு மாணாக்கரான லூயிஸ் ஃபிறான்சாவிடம் பயின்ற ஒஸ்வால்டோ ஃபாடா, றியோவின் புறநகரான பெந்தோ றிபெய்றோவில், அங்கி அணிந்த அதே ஜியு-ஜிட்சுவை வறியவர்க்குக் காசு பெறாமற் கற்பித்தார். 1955இல் அவர் மாணாக்கர் கிறேசி பள்ளிக்கே அறைகூவல் விடுத்துச் சென்று, பெரும்பாலான போட்டிகளில் வென்றனர். அவர்களது படைக்கலம் பாதப்பூட்டு. கிறேசியர் இகழ்ந்து ஒதுக்கிய பிடி அது. ‘புறநகரான் உத்தி’ என்பது அதற்கு வழங்கிய ஏளனப் பெயர். காலைப் பூட்டும் ஒரு பிடிக்குக் கூட வர்க்க முத்திரை குத்தப்பட்டது! ஆக, எல்லை அங்கியில் இருக்கவில்லை. எந்தத் தெருவில் எவர் கற்பித்தார் என்பதில் இருந்தது.

அதே 1955ஆம் ஆண்டு மே மாதம் மற்றொரு நிகழ்ச்சி. கிறேசி பள்ளியில் மாணவராகவும் பணியாளராகவும் இருந்த கறுப்பின இளைஞர் வல்டெமார் சந்தானா, பணத்துக்காக மற்போர்ப் போட்டியொன்றில் இறங்க ஒப்பியமையால் அங்கிருந்து விலக்கப்பட்டார். பிழைப்புக்கு வழி தேடுவது அவருக்குக் கௌரவக் குறைவு எனப்பட்டது. கௌரவம் சோறு போடாது என்பதை அறிந்தவர் அவர். பின்னர் ஹேலியோவும் அவரும் மூன்றரை மணி நேரத்துக்கு மேலாகப் பொருதினர். ஏறத்தாழ 16 ஆண்டு இளையவரும் உடல் வலியருமான சந்தானா தலையில் உதைத்து ஆசானை வீழ்த்தினார். அடுத்த ஆண்டிற் காலோசின் மகன் காள்சன் அவரை வென்று குடும்பப் பெயரை மீட்டார். பின்னாளில் அவ்விருவரும் நண்பராயினர்.

1991இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மூன்று போட்டிகளிலும் ஜியு-ஜிட்சுவினரே வென்றனர். 1997இல், றூஃபினோ தாக்கப்பட்ட அதே திஜுக்காக் கழகத்தில், றென்சோ கிறேசிக்கும் மற்போரினரான எயுஜேனியோ தடேயுவுக்கும் நடந்த போட்டி பார்வையாளர் கலகத்தில் முடிந்தது.

இன்று அங்கியின்றி நடக்கும் பெரும் போட்டிகளிற் காற்பூட்டு இன்றியமையாத பாடம்; அதனைக் கற்பிக்க உயர்ந்த கட்டணம் பெறும் பள்ளிகள் உள. ஃபாடா 2005இற் காலமானார். அவர் வழிவந்த ஆசிரியர் ஒருவரும் இணைந்து நிறுவிய நோவா உனியாவோ பள்ளியிலேதான், அமேசன் பகுதியின் மனாவுஸ் நகரிலிருந்து வறிய இளைஞராக வந்த ஜோசே அல்டோ பயின்று, 2010இல் யு.எஃப்.சி. நிறுவனத்தின் இறகுநிறைப் பிரிவு வாகையரானார்.