முகட்டுக் குடம்

கோபுரத்தின் உச்சியிலே கலசம் மின்னுகிறது. பக்தன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். கள்வன் கணக்குப் போடுகிறான். தொழுபவனும் திருடுபவனும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறார்கள்: அந்தக் குடத்துக்குள் ஏதோ ஓர் அதிசய ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறதாம்! எங்கிருந்து வந்தது அந்த ஆற்றல்? வரலாற்றைக் கேட்போம்.

கல்லிலே கட்டுவதற்கு முன் மரத்திலும் மூங்கிலிலும் கட்டினான் மனிதன். வட்டக் குடிலானால் கைமரங்கள் அனைத்தும் உச்சியிலே வந்து கூடும். மழை நுழைவதும் அங்கேதான். நடுக்கம்பம் நனைந்து இற்றுப்போவதும் அங்கேதான். அந்தத் தலைப்பை மூடவே குடம் ஏறியது என்பது கட்டடக்கலை ஆய்வாளர் பலர் கண்ட முடிவு. கேரளத்துக் கூம்புக் கூரைகளின் உச்சியிலே அமர்ந்திருக்கும் தாழிகக்குடம் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் சிற்பங்களிலே வில்லென வளைந்த கூரைகளைக் காணலாம். முகட்டிலே வரிசையாகக் குடமுடிகள். மாளிகைக்கும் அவையே அணி! மாமல்லபுரத்துக் கணேச ரதம் அத்தகைய கூரையைத்தான் கருங்கல்லில் காட்டுகிறது. கோபுரத்தின் தலையும் அதே கூரைதான். கூரையைக் கல்லாக்கியவர்கள், குடத்தைச் செம்பாக்கினார்கள்.

தஞ்சைக்கு வாருங்கள். 1010-இல், தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், இராசராசன் பெரிய கோயில் விமானத்துக்குக் கொடுத்த பொருளைக் கல்வெட்டு கூறுகிறது. என்ன பொருள்? ஒரு செப்புக்குடம்! அதன் நிறை 3083 பலம். அதில் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு. அது வைக்கப்பட்ட இடம் 'ஸ்தூபித்தறி'. கட்டுத்தறி என்கிறோமே, அந்தத் தறிதான். கம்பம் என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் அது கம்பத்தின் மேல் வைத்த குடம். எடை போட்டுக் கணக்கெழுதிய கைவினைப் பொருள்.

அந்தக் குடத்தின் பெயரால் இன்று நடப்பதென்ன? 'இடி விழுந்த கலசம் இரிடியமாகும், அரிசியை ஈர்க்கும், கோடிக்கு விலைபோகும்' என்று கதை கட்டி, உழைத்துச் சேர்த்த பணத்தைப் பறிக்கிறது ஒரு கூட்டம். இரிடியம் ஒரு தனிமம். 1803-இல் இலண்டனில் கண்டறியப்பட்டது. செம்பை இரிடியமாக்க எந்த இடிக்கும் இயலாது. அரிசி நகர்ந்தால், அதில் இரும்புத்தூளும் அருகே காந்தமும் உண்டென்று பொருள்.

'கலசமே இடிதாங்கி, முன்னோர் விஞ்ஞானம்' என்று மார்தட்டுவோரும் உண்டு. மின்னலை மண்ணுக்குள் இறக்கும் உலோகப் பாதை இல்லாமல், உச்சியில் செம்பு மட்டும் இருந்தால் இடிதாங்கியாகுமா?

குடிசைக்காரன் மழைக்கு அஞ்சிக் கண்டுபிடித்தான். கன்னான் உருக்கி வடித்தான். அந்த அறிவும் உழைப்பும்தான் முன்னோர் பெருமை! தோழர்களே, கலசத்தை இறக்கச் சொல்லவில்லை நாம். கலசத்தின்மேல் ஏற்றிய பொய்யை இறக்குங்கள். உங்கள் ஊரில் எவனாவது கலசம் காட்டிக் காசு கேட்டால், ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு முன்னே செல்லுங்கள்!