விலைக்கு வாங்கிய சிறுநீரகமும் மறைக்கப்பட்ட உடல்வரலாறும்: நெல்லையை முன்வைத்து

வெளிநாடு சென்று உறுப்பு மாற்றிக்கொள்வதன் ஆபத்து பற்றிய பேச்சு, பெரும்பாலும் அந்த நாட்டு ஆஸ்பத்திரியின் தரத்தோடு நின்றுவிடுகிறது. கருவிகள் நல்லவையா, அறுவை அரங்கு சுத்தமா என்பதே கேள்வியாகிறது. இவை தேவையான கேள்விகள்; ஆனால் போதாதவை. பயணம் போகும் நோயாளிக்கு நேரும் தீங்கின் பெரும்பங்கு, சிறுநீரகம் விலைபேசப்படும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். உறுப்பு விற்பனைக்கான தடையை வெறும் அறநெறி சார்ந்த சட்டமாகப் பார்ப்பது தவறு. வாங்குபவரின் உயிரைக் காப்பதும் அதுதான்.

இதற்கான முதல் வலுவான சான்று, நம் நாடே பிறருக்கு ‘வெளிநாடாக’ இருந்த காலத்திலிருந்து கிடைக்கிறது. 1984 முதல் 1988 வரை ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் ஓமனிலிருந்தும் பம்பாய்க்கு வந்து, பணம் கொடுத்துச் சிறுநீரகம் பெற்றுத் திரும்பிய 130 பேரைப் பற்றிய ஆய்வு 1990இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 81.5 விழுக்காட்டினரே. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகள் ஆகியவற்றைச் சுமந்து ஊர் திரும்பியவர்களும் இருந்தனர். பின்னாளில், 2008இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் மருத்துவமனை, வெளிநாட்டில் சிறுநீரகம் பெற்றுத் தன்னிடம் தொடர்சிகிச்சைக்கு வந்த 33 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 17 பேருக்குத் தொற்று கண்டிருந்தது. 9 பேரை உள்நோயாளிகளாகச் சேர்க்க வேண்டியிருந்தது. காலமும் நாடும் மாறியும் தீங்கின் வடிவம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு விற்றவர்களிடம் போக வேண்டும். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனடைக்கவே விற்றதாகச் சொல்கிறது. 86 விழுக்காட்டினர் அறுவைக்குப் பின் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்த எண்களை ஏழைகள் படும் துன்பத்தின் கணக்காக மட்டுமே படித்துவந்திருக்கிறோம். வாங்குபவரின் படுக்கையருகே வைத்தும் அவற்றைப் படிக்க வேண்டும். கழுத்தை நெரிக்கும் கடனோடு வருபவர், தனக்கு முன்பு காசநோய் வந்ததையோ மஞ்சள்காமாலை கண்டதையோ ஏன் சொல்வார்? சொன்னால் பேரம் முறிந்துவிடும். இடைத்தரகருக்கும் அதை மறைப்பதில்தான் ஆதாயம். ரத்தப் பரிசோதனை இருக்கிறதே எனலாம்; தொற்று ஏறிய தொடக்க நாட்களில் பரிசோதனையும் கைவிரித்துவிடும். அப்போது காப்பது கொடையாளியின் உண்மைச் சொல் ஒன்றுதான். ரத்ததானம் குறித்து சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இலேயே முன்வைத்த வாதம் இது: காசுக்கு வரும் ரத்தத்தில் நோய் அதிகம், ஏனெனில் காசு உண்மையை விரட்டிவிடுகிறது. சிறுநீரகத்துக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும்.

அடுத்தது காலக்கணக்கு. மாற்று அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் ஆஸ்பத்திரிக் கிருமிகளும் அறுவைப் புண் தொற்றும் தாக்கும். ஒன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் பிடி இறுகியிருக்கும்போது, சைட்டோமெகலோ வைரஸ், பூஞ்சை, காசநோய் போன்றவை தலைதூக்கும். விலைக்கு வாங்கியவர் விமானமேறி ஊர் திரும்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கையில் முறையான டிஸ்சார்ஜ் சம்மரி இருக்காது. கொடையாளியின் பரிசோதனை முடிவுகளோ அறவே இருக்கா. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளும் கூடவே பயணம் செய்கின்றன. என்.டி.எம்.-1 மரபணு தாங்கிய பாக்டீரியாக்கள் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில், பிரிட்டனின் 29 நோயாளிகளில் குறைந்தது 17 பேர் முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்றுவந்தவர்கள். சிறுநீரக மாற்றுக்காக வந்தவர்களும் அவர்களுள் உண்டு.

திரும்பி வரும் ஊர் தாமிரபரணிக் கரையென்றால் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் காரும் பிசானமுமாக ஆண்டின் பெரும்பகுதி ஈரம் காய்வதில்லை. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல்வழியே புகும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு பல்லாண்டுகள் குடலில் சத்தமின்றி வாழக்கூடியது. ஸ்டீராய்டு மருந்து தொடங்கியதும் அது உடலெங்கும் பெருகி உயிரைக் குடிக்கலாம். கொடையாளியின் உறுப்போடும் வந்து சேரலாம். எலிக்காய்ச்சலும் வயலோடு வருவதே. காசநோய் பற்றி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தந்த கணக்கு நம் எல்லோருக்கும் பாடம்: அங்கு 1986 முதல் 1999 வரை சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 1251 பேரில் 166 பேருக்குக் காசநோய் வந்தது. நெறியாகக் கண்காணிக்கப்பட்டவர்களுக்கே இந்த நிலை. அதோடு, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் சரித்துவிடும். அளவு பார்க்காமல் கொடுத்தால் காசநோய் ஆறும், சிறுநீரகம் போய்விடும்.

இது நெல்லைக்குத் தொலைவிலுள்ள சிக்கலா? மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவில் ஆளில்லாத தெரு அரிது. கொழும்போடு உள்ள உறவு, தூத்துக்குடியிலிருந்து கப்பல் போன காலத்தது. இந்தியாவிலிருந்து நோயாளிகளையும் கொடையாளிகளையும் கொழும்புக்குக் கொண்டுசென்ற கும்பலை நல்கொண்டா போலீசார் 2016 ஜனவரியில் பிடித்ததும், வெளிநாட்டினருக்கான சிறுநீரக மாற்றை இலங்கை நிறுத்தியது. 2024 மே மாதம், ஈரானுக்கு ஆள் கொண்டுபோன தரகர் ஒருவர் பக்கத்திலுள்ள கேரளத்தின் நெடும்பாசேரியில் கைதானார். வழிகள் அடைபடுகின்றன, புதியவை திறக்கின்றன.

பயணத்தையே குற்றமாக்குவது என் நோக்கமன்று. உடன்பிறந்தவரின் சிறுநீரகத்தோடு முறைப்படி வேறு நாட்டில் சிகிச்சை பெறுவதையும் உறுப்புச் சந்தைக்குப் போவதையும் 2008ஆம் ஆண்டு இஸ்தான்புல் பிரகடனம் தெளிவாகப் பிரிக்கிறது. நமது 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும், நெருங்கிய உறவில்லாத, உயிரோடிருக்கும் இந்தியரின் உறுப்பு வெளிநாட்டவருக்குச் செல்வதைத் தடுக்கின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்து, காத்திருப்போர் பட்டியலில் தன் முறையை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் ‘ஆபத்து’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பவர் உண்டு. அந்த வேதனை மறுக்க முடியாதது. ஆனால் அவர் முன்னுள்ள தேர்வு சாவுக்கும் சந்தைக்கும் இடையிலானதன்று. 2008இல் தொடங்கிய மாநில மூளைச்சாவு உறுப்புதானத் திட்டம் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு 2023 முதல் அரசு மரியாதையும் தரப்படுகிறது. பட்டியலை வேகப்படுத்தும் வேலை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மூளைச்சாவை உரிய நேரத்தில் உறுதிசெய்து குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேசுவதில் இருக்கிறது.

எப்படியோ போய்த் திரும்பிவிட்டவரை என்ன செய்வது? போலீஸ் பயத்தில் அவர் அறுவையை மறைத்தால், சாதாரணக் காய்ச்சலென்று மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே அவரைக் கடிந்துகொள்ளாமல் சேர்த்துக்கொண்டு, எங்கே, எப்போது அறுவை நடந்தது, என்ன மருந்து தந்தார்கள் என்று கேட்டறிய வேண்டும். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி, சி பரிசோதனைகளைச் சில வார இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டும். நெஞ்சுப் படம், சளிப் பரிசோதனை, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் சோதனை, டாக்ரோலிமஸ் அளவு ஆகியவற்றை முதல் வருகையிலேயே பார்த்துவிட வேண்டும். நெல்லை மருத்துவக் கல்லூரியில் இதற்கென, பெயர் வெளிவராத பதிவேடு ஒன்றைத் தொடங்குவது பெரிய செலவில்லாத காரியம்.