பழைய பிஸ்டன் தேறுமா?

பி.காம் படித்துவிட்டு வங்கியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவனுக்கு பிஸ்டனோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் தில்லியில் லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்து பாருங்கள், இன்ஜின் வேலைக்கான எஸ்டிமேட்டுகள் வந்து குவியும். ஒரு பட்டறை ஆறு பிஸ்டனையும் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். அதே வண்டியைப் பார்த்த இன்னொரு பட்டறை 'ரிங் மட்டும் போதும், பிஸ்டன் தேறும்' என்று எழுதித் தரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு மாதத் தவணையே கட்டிவிடலாம். யார் சொல்வது சரி என்று துருவப் போனதில், இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது தெரிந்தது.

ஆரம்ப காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஜேம்ஸ் வாட் 1769ல் தன் நீராவி இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியபோது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சணலும் கொழுப்பும் திணித்துத்தான் நீராவியை அடைத்தார்கள். தேய்ந்தது சணல், அதை மாற்றினால் ஆயிற்று. வாட்டின் உண்மையான தலைவலி சிலிண்டர், அது ஒழுங்கான வட்டமாக அமையவில்லை. 1774ல் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாய் குடைவதற்கு ஒரு எந்திரம் செய்தார். அந்த வழியில் குடைந்த சிலிண்டர்தான் வாட்டைக் காப்பாற்றியது. பிறகு 1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே பொறியாளர், வெட்டுவிட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். இன்று நாம் பிஸ்டன் ரிங் என்று சொல்வது அதைத்தான். அப்போதும் தேய்வது வளையம், மாற்றுவதும் வளையம். இரும்பு பிஸ்டன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இரும்பில் ஒரே பயம் விரிசல். ரயில்வே பட்டறைகளில் அதற்கு அருமையான ஒரு வித்தை வைத்திருந்தார்கள். பாகத்தை எண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடியைப் பூசுவார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போடும். பைசா செலவில்லாத பரிசோதனை!

கதை மாறியது அலுமினியத்தால். 1913ல் டபிள்யூ. ஓ. பென்ட்லி, தான் விற்றுவந்த டி.எஃப்.பி. கார்களின் பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குப் போனபோது மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கும் குண்டைப் பார்த்தார். அலுமினியத்தில் வார்த்த குட்டி பிஸ்டன் அது. நிஜ பிஸ்டனையே இதில் செய்தால் என்ன என்று தோன்றியது. கொஞ்சம் செம்பு கலந்து செய்து பார்த்தார், கார் வேகமாக ஓடியது. முதல் உலகப் போரில் விமான இன்ஜின்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அலுமினியம் லேசு, சூட்டையும் சீக்கிரம் கடத்தும். ஆனால் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூட்டில் மெத்தென்று ஆகும். ரிங் உட்காரும் பள்ளமே அடிவாங்கி அகலமாகும். எண்ணெய் வற்றினால் பிஸ்டனின் பக்கவாட்டு உருகி சிலிண்டரில் அப்பிக்கொள்ளும். 'தேறுமா?' என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் பிறந்தது.

பழைய பழக்கம் செய்த கேடும் உண்டு. இரும்பு பாகங்களைச் சூடான காஸ்டிக் சோடாவில் முக்கிச் சுத்தம் செய்வது வழக்கம். அதே தொட்டியில் அலுமினிய பிஸ்டனைப் போட்டால் அது அலுமினியத்தையே தின்றுவிடும். கரி போயிருக்கும், கூடவே அளவும் போயிருக்கும்.

1942 பிப்ரவரியில் அமெரிக்கா போருக்காகப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தியது. இருக்கிற வண்டியைத்தான் ஓட்டியாக வேண்டும். அந்தத் தலைமுறைப் பட்டறைக்காரர்கள் பிஸ்டனின் பக்கவாட்டில் வரிவரியாக அழுத்தி, விளிம்பை மேலெழும்ப வைத்து, தேய்ந்த விட்டத்தைக் கூட்டிக் காட்டினார்கள். அகன்ற பள்ளத்தைக் கடைந்து சமமாக்கி, எஃகு பட்டை ஒன்றைச் சேர்த்துப் புது ரிங் போட்டார்கள். ஓடியதா? ஓடியது. எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம்.

நம் நாட்டிலும் இறக்குமதியை நம்பியே காலம் ஓடியது. 1949ல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது (நம்மூர்ப் பெருமையை இங்கே சொல்லாமல் எங்கே சொல்வது). 1957 அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்காத அந்த வருடங்களில்தான் 'எதையும் தூக்கிப் போடாதே' என்பது நம் மெக்கானிக்குகளின் ரத்தத்தில் ஊறியது என்பது என் கட்சி. 1991க்குப் பிறகு கடையில் பாகம் குவிந்தாலும் அந்தக் கை பழக்கம் போகவில்லை.

சரி, எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? தலையில் ஓட்டை விழுந்தாலோ விளிம்பு உருகினாலோ பேச்சே இல்லை. பக்கவாட்டில் மெல்லிய நேர்கீறல் பரவாயில்லை, உலோகம் இழுபட்டு அப்பியிருந்தால் கூடாது. பள்ளத்தில் புது ரிங்கை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். பல சிறு இன்ஜின்களில் 0.15 மி.மீ.தான் எல்லை. விட்டத்தை பின்னுக்குக் குறுக்கே, கீழ்ப்பக்கத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் முழு வட்டம் அல்ல, கொஞ்சம் நீள்வட்டம். கண்ட இடத்தில் அளந்தால் கண்ட கணக்குதான் வரும். பின் உட்காரும் இடத்து விரிசலுக்குச் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும். அந்தப் பழைய எண்ணெய்–சுண்ணாம்பு வித்தையின் பேரன்தான் இது.

இவ்வளவும் தேறினாலும் கடைசித் தீர்ப்பு சிலிண்டர் கையில். அது தேய்ந்திருந்து 0.020 அங்குலம் பெரிதாகக் குடைய வேண்டிவந்தால், எவ்வளவு நல்ல பழைய பிஸ்டனும் அதில் தொளதொளவென்று ஆடும், அலுமினிய எடைக்குத்தான் போகும். லாரிகளுக்கு லைனரோடு சேர்த்து கிட்டாக விற்பதும் இதனால்தான்.

இப்போதெல்லாம் எஸ்டிமேட்டில் 'பிஸ்டன் மாற்றம்' அல்லது 'பிஸ்டன் தேறும்' என்று மொட்டையாக இருந்தால், பக்கத்தில் சிலிண்டர் அளவையும் ரிங் பள்ளத்தின் இடைவெளியையும் எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். சில பட்டறைகள் உடனே எழுதித் தருகின்றன. சில இடங்களில் மைக்ரோமீட்டரே இல்லை. உங்கள் ஊரில் எப்படி?