ஜூரி விசாரணை

கொடுங்குற்ற வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்பதைப் பொதுமக்களிலிருந்து பொறுக்கியெடுத்த சிலர் தீர்மானிக்கும் முறை ஜூரி விசாரணை. சட்டத்தை விளக்குவதும் தண்டனை விதிப்பதும் நீதிபதியின் பொறுப்பு.

இந்திய மண்ணில் இதன் தொடக்கம் சென்னையில். அடிமைச் சிறுமியைக் கொன்றதாக 1665-இல் அசென்ஷியா டாஸ் என்ற பெண் புனித ஜார்ஜ் கோட்டையில் விசாரிக்கப்பட்டார். ஆங்கிலேயர் ஆறு பேரும் போர்த்துக்கீசியர் ஆறு பேரும் ஜூரிகள். ஊர்மக்களில் ஒருவர்கூட இல்லை. டாஸ் விடுதலையானார். யார் அமர்கிறார்கள் என்ற இந்தக் கேள்விதான் கடைசிவரை இம்முறையைத் துரத்தியது. 1908-இல் திலகர்மீதான ராஜதுரோக வழக்கில் ஐரோப்பியர் ஏழு பேர், பார்சிகள் இருவர். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் குற்றவாளியானார். ஆறாண்டு மாண்டலே சிறை.

விசாரணை நடந்த விதம் இது: சீட்டெடுத்து ஜூரிகளைத் தேர்வார்கள். ஒருவர்மீது ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்லலாம். குற்றச்சாட்டைப் படித்தபின் அரசு வழக்கறிஞர் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். வாதங்கள் முடிந்ததும் நீதிபதி சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்வார். ஜூரிகள் தனியறையில் கலந்து பேசித் திரும்புவார்கள். அவர்களின் தலைவர் முடிவை அறிவிப்பார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உயிரைத் தீர்மானிக்கும் முடிவுக்குக் காரணமே பதிவாகாதது இம்முறையின் பெருங்குறை.

1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் அது அம்பலமானது. மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற அவரை, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி குற்றமற்றவர் என்றது. ஏற்க மறுத்த செஷன்ஸ் நீதிபதி மேத்தா, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கு விதித்த ஆயுள் தண்டனையை 1961-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அதற்கு முன்பே, 1958-இல், சட்ட ஆணையம் ஜூரியைக் கைவிடப் பரிந்துரைத்திருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடம் தரப்படவில்லை. இன்று செஷன்ஸ் நீதிபதியே சாட்சியங்களை எடைபோட்டு, காரணங்களோடு தீர்ப்பு எழுதுகிறார்.

1811 முதல் ஜூரி முறையைக் கொண்ட இலங்கையில், உயர் நீதிமன்றத்தில் அது இன்னும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006-இல் கொழும்பில் கொல்லப்பட்ட வழக்கில், சிங்களம் பேசும் ஜூரிகள் 2016 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தனர்.